பச்சை நாடா

அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள் என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இப்படியொரு விதியை யாரும் விதித்ததில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரத்தில் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "காபி ஆறுது, குடி" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியமே சட்டமாகிவிட்டது. அன்றுமுதல் அவர்கள் "அந்தச் சமயத்துல" என்பார்கள், "ஆஸ்பத்திரியில இருந்தப்ப" என்பார்கள். உறவுக்காரர் யாராவது நெருங்கிவந்து விசாரித்தால் பேச்சு மழைக்கோ வீட்டு வாடகைக்கோ தாவிவிடும்.

இந்த மௌனத்தின் கீழ் எல்லோரையும்விட அதிகம் நசுங்கியவள் தம்பியின் மனைவி. எல்லோரையும்விட அதிகம் அதில் ஒளிந்துகொண்டவளும் அவளே.

சென்ற வாரம் தொலைபேசியை வைக்கும் முன் நாத்தனார், அதாவது அந்த அக்கா, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள், "ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி நடைக்கு நானும் வர்றேன்" என்று. அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

இவள் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'விசில்' என்பார்கள், முகத்துக்கு நேரே டீச்சர் என்பார்கள். மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்கு எட்டும் குரல். நாற்பதைத் தாண்டியும் மாணவிகளோடு சேர்ந்து ஓடக்கூடிய கால்கள். தன் உடம்பை அவள் ஒரு நல்ல பெயரைப்போலக் காப்பாற்றி வந்திருந்தாள்.

கணவனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது பரிசோதனைக்கு முதலில் போய் நின்றவள் அவள்தான். தன்னைவிட்டால் யார் என்ற நிச்சயத்தோடு போனாள். மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: உடம்பில் ஒரு குறையும் இல்லை, பொருந்தவில்லை, அவ்வளவுதான். அடுத்துப் போனவள் நாத்தனார். துணி ஆலையின் தூசியில் இருமிக்கொண்டிருக்கும், மாடிப்படி ஏறினால் இரண்டாம் திருப்பத்தில் நின்றுவிடும் அந்த ஒல்லி உடம்பு கச்சிதமாகப் பொருந்தியது.

கணவன் பிழைத்ததில் டீச்சருக்கு மகிழ்ச்சி இல்லை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அந்த மகிழ்ச்சி நிஜமானது. அதன் அடியில் ஒரு முள் இருந்தது, அதுவும் நிஜமானது. தான் தினம் பக்கத்தில் படுக்கும் மனிதனுக்குள் தனக்கு அனுமதியில்லாத ஒரு அறை இருப்பதாகவும், அதன் சாவி இன்னொருத்தியிடம் இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றும். வாரம் ஒருமுறை நாத்தனார் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "தண்ணி ஒழுங்கா குடிக்கிறியாடா?" என்றுதான். எந்த அக்காவும் தம்பியைக் கேட்கக்கூடிய கேள்விதான் அது. டீச்சரின் காதில் மட்டும், இரவல் கொடுத்த பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வந்தவளின் விசாரணையாகவே விழும்.

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். குத்திக்காட்டியிருந்தால் திருப்பிக் குத்தியிருக்கலாம். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பவளை என்ன செய்ய முடியும்?

ஆகவே டீச்சர் நடக்க ஆரம்பித்தாள்.

உள்ளூர் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு (அறுவை சிகிச்சை நடந்தது வேறோர் ஊரில்) ஆண்டுதோறும் நடத்தும் நிதி திரட்டும் நடை அது. பூங்காவைச் சுற்றி ஒரு வட்டம், முடிவில் ஒரு மேடை. கலந்துகொள்கிறவர்களின் மார்பில் ஒரு நாடாவைக் குத்திவிடுவார்கள். சிறுநீரகம் பெற்றவர்களுக்கு மஞ்சள், கொடுத்தவர்களுக்குப் பச்சை, மற்ற எல்லோருக்கும் வெள்ளை. மஞ்சளும் பச்சையும் கைகோத்துக்கொண்டு முதல் வரிசையில் நடப்பது அங்கே வழக்கம்.

முதல் தடவை போனபோது டீச்சர் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடாப் பெட்டியோடு வந்த தலைமைச் செவிலி அவனுக்கு மஞ்சளைக் குத்தினாள். கோத்த கையைப் பார்த்தாள், சிரித்தாள், இவளுக்குப் பச்சையைக் குத்திவிட்டுப் போய்விட்டாள்.

மறுத்திருக்கலாம். மறுப்பதென்றால், கொடுத்தது யார் என்று சொல்லவேண்டும். அதைத்தான் அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லையே. விதி தனக்குச் சாதகமாகத் திரும்பிய அந்தக் கணத்தில் அவள் வாய் திறக்கவில்லை. கணவன் குனிந்து காலணியைப் பார்த்தான். அவனும் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து நடையின் ஏற்பாடே அவள் கைக்கு வந்தது. 'நான் கொடுத்தேன்' என்று ஒருமுறைகூட அவள் உச்சரிக்காமலே, கணவனுக்கு உயிர் கொடுத்த மனைவியாக அந்த வட்டாரம் அவளை அறிந்தது. நடை முடிந்ததும் பச்சை நாடாவைக் கழற்றிப் பூங்காவின் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவாள். அது ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை.

இன்று நாத்தனார் வருகிறாள்.

காரை டீச்சர் ஓட்டினாள். கணவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் அவன் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதிக்கும். நாத்தனார் பின் இருக்கையில், நடுவில், இருவருக்கும் இடையே தலையை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

நடையைப் பற்றி அவளுக்கு நெடுநாளாகவே ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை அன்று காலை மறுபடி விரித்துப் போட்டாள். இத்தனை பேருக்குச் சட்டை அச்சடிக்கிறீர்கள், மேடை கட்டுகிறீர்கள், ஒலிபெருக்கி வைக்கிறீர்கள். அதையெல்லாம் நேராக ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு அவரவர் வீட்டில் தூங்கினால் ஆகாதா என்று கேட்டாள். சும்மா கேட்டால் யாரும் தரமாட்டார்கள், ஒருவன் நடக்கிறான் என்றால்தான் பக்கத்து வீட்டுக்காரன் பையில் கைவிடுவான் என்று டீச்சர் சொன்னாள். இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் போட்டிருக்கும் சாய்வு நாற்காலிகள் இப்படி நடந்து வந்த பணத்தில் வாங்கியவைதான் என்றும் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் மைதானக் குரலாக மாறுவதை உணர்ந்தாள்.

"நாற்காலி வந்துச்சு, சரி. நல்ல நாற்காலிதான், நானே பாத்தேன்" என்றாள் நாத்தனார். "அதுல உக்காந்திருக்கறவன் எந்திரிச்சு வீட்டுக்குப் போறதுக்கு யாராவது குடுக்கணுமே. உங்க நடையப் பாத்து ஒருத்தராவது குடுத்திருக்காங்களா?"

'குடுக்கணுமே' என்ற சொல் விதியின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. கணவனின் கால் பிரேக்கைத் தேடி மிதித்தது.

"பாத்து, சிக்னல்" என்றான்.

"பச்சைதான் விழுந்திருக்கு, நீங்க பேசாம வாங்க" என்றாள் டீச்சர்.

"நான் குறையா சொல்லலம்மா" என்று நாத்தனார் பின்னால் சாய்ந்துகொண்டாள். "ஜனங்க ஒருத்தர் பாக்கறாங்கன்னாதான் நல்லது செய்வாங்கன்னு நீ சொல்ற. எனக்கு அது தோணாது, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' டீச்சரின் பிடரியில் வெயிலைப்போல் உறைத்தது. பார்க்க ஆளில்லாமல் செய்தவள் அல்லவா, இவளுக்கு எப்படித் தோணும்? சின்னவயதிலிருந்து எந்தப் போட்டியிலும் இரண்டாவதாக வந்து பழகாத டீச்சர், ஓடவே தெரியாத ஒருத்தியிடம் தோற்றுக்கொண்டே இருந்தாள். எதிராளிக்குப் போட்டி நடப்பதே தெரியாததுதான் அதில் பெரிய அவமானம்.

பூங்கா வாசலில் அவள் ஒரு திட்டத்தோடு இறங்கினாள். இந்தத் தடவை நாடா அணியப்போவதில்லை. வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை இருக்கிறது என்று தலைமைச் செவிலியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். நாத்தனாரைக் கடைசி வரிசையில், தண்ணீர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் முன்வரிசைப் பேச்சு எதுவும் அவள் காதுக்கு எட்டாது. அங்கே வேப்பமர நிழல் இருக்கிறது, மூச்சு வாங்காமல் நடக்கலாம் என்று மிகுந்த கரிசனத்தோடு கூறி, கையைப் பிடித்து அழைத்துப்போய் நிறுத்தினாள்.

நாத்தனார் மறுக்காமல் நின்றாள். அந்தப் பணிவே டீச்சருக்குச் சந்தேகமாக இருந்தது.

விசிலை ஊதினாள். கூட்டம் வரிசையாயிற்று. பாட்டிலோடு நின்றவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள், நாயோடு வந்தவர், சட்டை பெரிதாக இருக்கிறதென்று மாற்றித் தரச்சொல்லி மூன்றாம் தடவையாக வந்து நின்ற ஒரு வங்கி அதிகாரி, எல்லோரும் அவள் கைநீட்டிய இடத்தில் போய் நின்றார்கள். மஞ்சள் நாடாவோடு கணவன் முன்வரிசையில் தனியாக நின்றான்.

"டீச்சர் இல்லாம முன்வரிசை எப்படி?" தலைமைச் செவிலி நாடாப் பெட்டியோடு வந்துவிட்டாள். இவள் விலகுவதற்குள் பச்சை நாடா மார்பில் ஏறிவிட்டது. "உங்களப் பாத்துத்தானே மத்தவங்களுக்குத் தைரியம்."

டீச்சர் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேப்பமர நிழல் காலியாக இருந்தது.

நாத்தனார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் மார்பில் வெள்ளை நாடா. முன்பு அவள் துணி ஆலையில் வெட்டு மேசையில் இருந்தவள். அடுக்கடுக்காய் விரித்த துணியை இயந்திரத்தால் அறுக்கிற, ஆண்களே அதிகம் செய்கிற வேலை. இப்போது செக்கிங்கில் உட்கார்கிறாள், தைத்து வரும் சட்டைகளில் பிசகு பார்க்கிறாள். அந்தக் கண்கள் பச்சை நாடாவில் நின்றன.

"கோணலா இருக்கு" என்றாள் நாத்தனார்.

ஊக்கைக் கழற்றினாள். நாடாவின் இரு முனைகளையும் சமமாக்கி, மடிப்பை நகத்தால் நீவி, மறுபடி குத்தினாள். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் முகத்தில் வியப்பு இல்லை. அப்போதுதான் டீச்சருக்கு விளங்கியது: இவளுக்கு முன்பே தெரியும். போன வருஷத்துப் புகைப்படத்தை யாரோ ஆலையில் காட்டியிருக்கவேண்டும். தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

எதற்கு வந்தாள் என்பதுதான் தெரியவில்லை.

கேட்பதற்கு அவகாசமும் இல்லை. கண்ணாடி விற்கும் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைத் தலைமைச் செவிலி கையோடு கூட்டிவந்திருந்தாள். அந்தப் பெண்ணின் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. இவளுடையது பொருந்தும் என்று முடிவு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை. மருத்துவர்களிடம் கேட்டாள், புத்தகங்களைப் படித்தாள். கொடுத்தவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் நடைக்கு வந்ததாகச் சொன்னாள். மாதக்கணக்காய்த் தூங்காத கண்கள் அவளுக்கு.

"உங்களப் பத்தி நிறையச் சொன்னாங்க" என்று டீச்சரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷன் முடிஞ்சு எப்படி இருந்துச்சுங்க? அன்னிக்கு ராத்திரி?"

ஒவ்வோர் ஆண்டும் மேடையில் சொல்லும் வாக்கியங்கள் டீச்சரிடம் தயாராக இருந்தன. ஒன்றும் இருக்காது, சில வாரங்களில் பழையபடி ஆகிவிடலாம், என்னைப் பாருங்கள், ஓடவில்லையா? அவை தொண்டைவரை வந்தன. நாத்தனார் ஒரு கை நீளத் தூரத்தில் நிற்கும்போது அவை வெளியே வர மறுத்தன.

"இருமல் வந்தா உயிர் போயிடும்" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"தலகாணிய வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமணும். அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க ரொம்ப நாளாகும். பசியே எடுக்காது. அப்புறம் ஒருநாள் காலைல திடீர்னு எடுக்கும், அன்னிக்குத் தெரிஞ்சுக்கலாம் தேறிட்டோம்னு." மிகச் சாதாரணமாகப் பேசினாள். "கனமா எதையும் கொஞ்சகாலம் தூக்க விடமாட்டாங்க. தூக்குற வேலைல இருந்தா, வேலை மாறவேண்டிவரும். அத மட்டும் முன்னாடியே யோசிச்சுக்கங்க."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்டு மேசை. துணி உருளைகள். நாத்தனார் செக்கிங்குக்கு மாறியதை, வயதாகிறது, உட்கார்ந்து செய்கிற வேலை நல்லதுதானே என்று குடும்பமே வாழ்த்தியிருந்தது. ஏன் மாறினாள் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்டால் அந்தப் பேச்சு வந்துவிடும் அல்லவா?

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் கண்ணாடிக் கடைக்காரி.

"நான் இவ புருஷனுக்கு அக்கா." நாத்தனார் டீச்சரின் தோளில் கைவைத்தாள். "குடுத்தது இவதான். இவளுக்கு அதப்பத்திப் பேசிப் பழக்கமில்ல, கூச்சம். பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டவ நான். அதான் சொல்றேன்."

முன்வரிசையில் இருந்த கணவன் தலையை நிமிர்த்தினான்.

தோளில் இருந்த கை எடையே இல்லாமல் இருந்தது. டீச்சர் அந்தக் கையின் கீழ் நின்றபடி, அறுவை நடந்த மருத்துவமனையின் இரண்டு அறைகளை நினைத்துக்கொண்டாள். ஒன்றில் கணவன், அவன் கட்டிலருகே இரவும் பகலும் தான். சுவருக்கு அப்பால் மற்றொன்றில் நாத்தனார். அங்கே தான் எட்டிப் பார்த்தது ஒரே ஒரு முறை. ஆலையில் கூட வேலை செய்யும் ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுவர் வழியாக இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் கணவன் விழித்துக்கொள்வானோ என்றுதான் அப்போது எரிச்சலாக இருந்தது.

அந்தச் சுவரை நாத்தனார் இப்போது ஒரு வாக்கியத்தில் புரட்டிப் போட்டுவிட்டாள். கொடுத்தவள் இவள், பார்த்துக்கொண்டவள் அவள். சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்தாள். கொடுத்த பெருமையைத் தம்பி மனைவிக்குக் கொடுக்கிறாள். இன்னும் என்னதான் வைத்திருக்கிறாள் இவள், கொடுப்பதற்கு?

டீச்சருக்கு முதலில் வந்திருக்கவேண்டியது நிம்மதி. மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது, தலையாட்டிவிட்டு விசிலை ஊதினால் போதும், நடை தொடங்கிவிடும். வந்தது நிம்மதி அல்ல. வந்தது பொறாமை, அவளுக்குப் பழக்கமான, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய அதே பொறாமை. இந்தத் தடவையும் பெற்றுக்கொள்கிறவள் நான்தானா என்று அது கேட்டது.

கண்ணாடிக் கடைக்காரி இன்னும் கையை விடவில்லை. பக்கத்தில் யாரும் கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. குடுத்ததுக்கு அப்புறம் என்னிக்காவது அவர்மேல உங்களுக்குக் கோபம் வந்துச்சா? எனக்கு அதுதாங்க பயம். வலி இல்ல. என் தங்கச்சியப் பாக்கறப்பல்லாம் என்னுதுன்னு தோணிடுமோன்னு."

டீச்சர் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த அந்த முகத்தில், முதல் முறையாக ஒரு தடுமாற்றம் ஓடி மறைந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் நாத்தனார், சற்றுத் தாமதமாக. "இவளுக்குக் கோபமே வராது."

கணவன் வரிசையைவிட்டு விலகி இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். நேரமாகிறது, ஆரம்பிக்கலாமா என்று மேடையிலிருந்து ஒருவர் கையசைத்தார்.

டீச்சர் நாத்தனாரின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்தாள். விடாமல், விரல்களோடு கோத்துக்கொண்டாள்.

"போதும் அண்ணி. இதையும் உங்ககிட்ட இருந்து வாங்கிக்க என்னால முடியாது."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. தண்ணீர் மேசையருகே நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். கணவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். "காபி ஆறுது" என்று சொல்ல இப்போது அங்கே காபி இல்லை.

"வேணாம், விடு" என்றாள் நாத்தனார், பல்லுக்குள். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

டீச்சர் கண்ணாடிக் கடைக்காரியின் பக்கம் திரும்பினாள்.

"நான் குடுக்கலங்க. என்னுது பொருந்தல. என் புருஷனுக்குள்ள இருக்கறது இவங்க கிட்னி. அவர்மேல கோபம் வந்துச்சான்னு இவங்களத்தான் கேக்கணும். கேளுங்க. இத்தன வருஷமா அதக் கேக்க எனக்கு வாய் வரல."